ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு எந்தச் சின்ன எஸ்.யூ.வி.யை நம்பி வாங்கலாம்?

கேள்வி, திருப்பூரிலிருந்து, 2025 ஆகஸ்ட் 8

அப்பா, அம்மா, நான், மனைவி, மூன்று வயதுப் பையன். ஆன்ரோடு 12 லட்சம் வரை போகலாம். வாங்கினால் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். டீசல்தான் உழைக்கும் என்கிறார் அப்பா. நாலு மீட்டருக்குள் வரும் எஸ்.யூ.வி.களில் ரிப்பேர் வைக்காத கம்பெனி எது? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், போதும்.

ஆகஸ்ட் 9, காலை

ஒரு பெயரில் பதில் சொல்ல முடியாது. கம்பெனியைக் கேட்காதீர்கள், இன்ஜினையும் கியர் பெட்டியையும் கேளுங்கள். ஒரே மாடலுக்குள் இரண்டு மூன்று இன்ஜின், மூன்று வகை கியர் விற்கிறார்கள். ஒன்று உங்களுக்குப் பத்து வருடம் சிணுங்காமல் ஓடும். இன்னொன்று உங்கள் ஊர் நெரிசலில் இரண்டாம் வருடமே சர்வீஸ் சென்டரில் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் அதே பம்பர், அதே விளக்கு.

இதற்குப் பதில் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? அதில் ஒரே மூச்சில் ஓடுவது எவ்வளவு? யார் யார் ஓட்டுவீர்கள்? வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது முட்டிவலி உண்டா?

ஆகஸ்ட் 9, இரவு

பதில் பார்த்தேன். காலையில் பனியன் கம்பெனிக்கு 5 கி.மீ., மதியம் சாப்பிட வீட்டுக்கு, மறுபடியும் கம்பெனி, இரவு வீடு. மாதம் ஒருமுறை பழனி. ஆக, நாளுக்கு 20 கி.மீ., அதுவும் நான்கு துண்டாக.

டீசல் வேண்டாம். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

2021-ல் நாங்கள் வாங்கியது டீசல் எஸ்.யூ.வி. பொள்ளாச்சியில் வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் நாலு கி.மீ. போக, வர, அவ்வளவுதான். பதினாலாவது மாதம் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன். ஒரு நாள் மகாலிங்கபுரம் ரவுண்டானா பக்கத்தில் இழுவை சுத்தமாகப் போய்விட்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்தது.

காரணம் இதுதான். 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் கார்களில் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். புகையில் வரும் கரியை அது பிடித்து வைக்கும். நிறையச் சேர்ந்ததும் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். எரிய வேண்டுமானால் புகை 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். அதற்காக இன்ஜின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். நாலு கி.மீ.யில் அந்தச் சூடு வராது. எரிய ஆரம்பிப்பதற்குள் நான் பள்ளிக்கூட வாசலில் சாவியைத் திருப்பியிருப்பேன். கரி அப்படியே நிற்கும். தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் நீர்த்துப்போகும். ஆயில் குறையவில்லையே, அளவு கம்பியில் கூடித்தானே இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். அந்தக் கூடுதல்தான் ஆபத்து.

கரியை எரித்து, ஆயிலை மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்தே மாதத்தில் மறுபடியும் அதே விளக்கு. அப்புறம் சனிக்கிழமைதோறும் கிணத்துக்கடவு வரை ஒரே வேகத்தில் போய்த் திரும்பினோம். பிள்ளைகள் அதற்கு ‘கரி எரிக்கப் போறோம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2023-ல் விற்றுவிட்டோம்.

வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. நான் ஓட்டிய விதத்துக்கு எந்த டீசலுக்கும் அதுதான் நடந்திருக்கும்.

ஆகஸ்ட் 11

அப்பா சொல்வது தப்பு என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் ஓட்டிய காலத்தில் அது உண்மை. பி.எஸ். 4 வரை சின்ன டீசல் கார்கள் பெரும்பாலானவற்றில் இந்த வடிகட்டியே கிடையாது. எப்படி ஓட்டினாலும் ஓடின.

இன்றைக்கும் தாராபுரத்திலிருந்து தினமும் கரூர் போய் வருகிறவர் டீசல் வாங்கலாம். ஒரு மணி நேரம் சீராக ஓடினால் கரி தானே எரிந்துவிடும். உங்களுக்குக் கணக்கும் ஒத்துவராது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு எட்டு ரூபாய்ச் சொச்சம்தான் வித்தியாசம். வண்டி விலையிலோ ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல். நாளுக்கு 20 கி.மீ. ஓட்டி அந்த லட்சத்தை எப்போது மீட்பீர்கள்?

ஆகஸ்ட் 16

நேற்று செங்கோட்டையில் பிரதமர் பேசியதைக் கேட்டீர்களா? தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. குறையும் என்றிருக்கிறார். கார் அதில் வருமா என்று இன்னும் தெளிவாகவில்லை. ஆனாலும் பொறுங்கள். ஆடித் தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று ஷோரூம்காரர் ஃபோன் மேல் ஃபோன் போடுகிறார் என்றீர்கள். போடட்டும், முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

செப்டம்பர் 4

பொறுத்தது வீண் போகவில்லை. நேற்று கவுன்சில் முடிவு வந்துவிட்டது. நாலு மீட்டருக்குள் இருக்கும் வண்டிகளுக்கு 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் போய், 22-ஆம் தேதியிலிருந்து 18 சதவீதம். நீங்கள் பார்க்கும் வண்டிகள் எல்லாமே இதில் வந்துவிடும்.

செப்டம்பர் 5

நேற்று எழுதியதில் தவறு இருக்கிறது. ‘எல்லாமே’ என்றது சரியில்லை. நீளம் மட்டும் போதாது. பெட்ரோல் என்றால் இன்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் 40 சதவீதம்.

இது என் மனதில் பதிந்திருக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் என் வண்டியே அதில்தான் வருகிறது. 2023-ல் டீசலை விற்றுவிட்டு மாருதி பிரெஸ்ஸா ஆட்டோ கியர் வாங்கினேன். நீளம் 3,995 மி.மீ., நாலு மீட்டருக்குள்தான். ஆனால் பெட்ரோல் இன்ஜின் 1462 சி.சி. அதற்கு முன்பு செஸ்ஸோடு 45 சதவீதம், இனி 40. குறைவுதான், ஆனால் மற்றவற்றுக்குக் குறைந்த அளவு இல்லை.

டாடா நெக்ஸான் 1199, ஹூண்டாய் வென்யூ 1197 அல்லது 998, கியா சோனெட்டும் அப்படியே, மஹிந்திரா 3எக்ஸ்ஓ 1197, ஸ்கோடா கைலாக் 999, நம் ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மேக்னைட் 999, மாருதி ஃபிராங்ஸ் 1197 அல்லது 998. இவை எல்லாம் 18 சதவீதத்துக்குள் வருகின்றன. நேற்று படித்துவிட்டு யாராவது பிரெஸ்ஸாவுக்கு 18 சதவீதம் என்று ஷோரூமில் வாதம் செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 7

இன்னொரு கணக்கு பலர் கண்ணில் படுவதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து சாலை வரி விலைக்குத் தகுந்தபடி மாறுகிறது. 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, மொத்த விலைக்கும்.

ஒரு உதாரணம். ஷோரூம் விலை 10,80,000 என்று இருந்த சின்ன பெட்ரோல் வண்டி. அதில் வரி 29 சதவீதம். வரியைக் கழித்தால் அடக்கம் 8,37,200 சொச்சம். அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 9,87,900. விலையில் மட்டும் 92,000 குறைகிறது. முன்பு சாலை வரி 18 சதவீதம், 1,94,400 ரூபாய். இப்போது பத்து லட்சத்துக்குள் வந்துவிட்டதால் 13 சதவீதம், 1,28,400 சொச்சம். அதில் 66,000 மிச்சம். மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

அதனால் 9.9 லட்சத்து வேரியன்ட்டுக்கும் 10.2 லட்சத்து வேரியன்ட்டுக்கும் முப்பதாயிரம்தான் வித்தியாசம் என்று ஷோரூமில் சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பத்து லட்சக் கோட்டைத் தாண்டியதற்கே ஐம்பதாயிரத்துக்கு மேல் வரி ஏறும். ஆன்ரோடு கொட்டேஷனை வரிவரியாக எழுதி வாங்குங்கள்.

செப்டம்பர் 14

அம்மாவுக்கு முட்டிவலி என்று எழுதியிருந்தீர்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சின்ன எஸ்.யூ.வி.யை நாங்கள் தேடியதே இதற்காகத்தான்.

எங்கள் அத்தைக்கு 71 வயது. பழைய சின்னக் காரில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே தொப்பென்று உட்காருவார். இறங்கும்போது இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். கல்யாணம் காட்சிக்குக் கூப்பிட்டால் ‘நான் வீட்டைப் பார்த்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க’ என்பார். வர விருப்பமில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். வண்டியில் ஏறி இறங்கும்போது நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் அது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அதனால் டெஸ்ட் டிரைவுக்கு ஒரு இஞ்ச் டேப் எடுத்துப் போங்கள். தரையிலிருந்து இருக்கை எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். அம்மா சிரமமில்லாமல் எழுகிற நாற்காலியின் உயரத்தையும் வீட்டில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இருக்கை அதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லது. பின்பக்கம் சாய்ந்தாற்போல் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்வார். ரொம்ப உயரமாக இருந்தாலும் கஷ்டம், கால் தரையில் எட்டாது. கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பு எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று பாருங்கள். காலைத் தூக்கித் தாண்ட வேண்டிய இடம் அதுதான். பின் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதும் முக்கியம்.

நாங்கள் மூன்று ஷோரூமுக்கு அத்தையைக் கூட்டிப்போனோம். ஒவ்வொரு வண்டியிலும் ஐந்து முறை ஏறி இறங்கச் சொன்னேன். முதல் முறை யாராக இருந்தாலும் உற்சாகத்தில் ஏறிவிடுவார்கள். ஐந்தாவது முறையில்தான் உண்மை தெரியும். மூன்றாவது ஷோரூமில் அத்தை, ‘இதுல நானே இறங்கிக்குவேன், கையை விடு’ என்றார். அன்றைக்கே முடிவாகிவிட்டது. மைலேஜ், பிக்கப் எல்லாம் அதற்கப்புறம்தான் கேட்டோம்.

செப்டம்பர் 15

விட்டுப்போனது: பின்னால் மூன்று பேர் உட்காரப் போகிறீர்கள், அதில் ஒருவர் குழந்தை. நடு இருக்கைக்கும் தோளிலிருந்து வரும் பெல்ட் இருக்கிறதா, தலைக்குச் சாய்மானம் இருக்கிறதா பாருங்கள். சாய்மானம் சில வேரியன்ட்டில் இருக்கும், சிலவற்றில் இராது. குழந்தை இருக்கையை மாட்டும் ஐஸோஃபிக்ஸ் கொக்கி இரண்டு ஓரத்திலும் இருக்கும். குழந்தை இருக்கையை மாட்டிவிட்டால் மிச்ச இடத்தில் இரண்டு பெரியவர்கள் உட்கார முடிகிறதா என்று அங்கேயே, ஷோரூமிலேயே, உட்கார்ந்து பாருங்கள். ஏறக்குறைய 1.8 மீட்டர் அகல வண்டிகள் இவை, அதிசயம் எதுவும் நடக்காது.

மூன்று வயதுப் பையனை முன்னால் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஏர்பேக் வெடித்து விரியும் வேகத்தைப் பிள்ளை தாங்காது. இதில் மட்டும் நான் யாரோடும் சமாதானம் பேசமாட்டேன்.

செப்டம்பர் 21

ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டிதானே பாதுகாப்பு என்று கேட்டிருந்தார்கள். நட்சத்திரம் வேண்டும். 2018 டிசம்பரில் நெக்ஸான் குளோபல் என்காப் என்ற மோதல் சோதனையில் ஐந்து வாங்கும்வரை இந்தியாவில் செய்த வண்டி எதுவும் அதை வாங்கவில்லை. அதன் பிறகுதான் ஷோரூமில் ஜனங்கள் இதைக் கேட்க ஆரம்பித்தார்கள். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்காப் சோதனை நடக்கிறது. 3எக்ஸ்ஓ, கைலாக் இரண்டும் அதில் ஐந்து வாங்கியவை.

ஆனால் அந்தச் சோதனையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 64 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் மோதும்போது முன் இருக்கையில் இரண்டு பெரிய பொம்மை. பின்னால் ஒன்றரை வயது, மூன்று வயது அளவில் இரண்டு குழந்தைப் பொம்மை, முறையான குழந்தை இருக்கையில். பின்னால் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கும் பாட்டி அந்தக் கணக்கில் இல்லை. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் பால்கர் அருகே, டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தது எவ்வளவு விலை உயர்ந்த காரில் என்று நினைவிருக்கும். அவர் பின் இருக்கையில் பெல்ட் போட்டிருக்கவில்லை.

எங்கள் அத்தைக்குப் பெல்ட் பழக்க ஆறு மாதம் ஆயிற்று. புடவை கசங்குகிறது, கழுத்தில் உரசுகிறது என்பார். பெரியவன் தினமும் ‘பாட்டி மாட்டினாத்தான் வண்டி கிளம்பும்’ என்று சொல்லிச் சொல்லியே பழக்கினான். இப்போது அவரே முதலில் மாட்டிக்கொள்கிறார்.

செப்டம்பர் 28

ஆட்டோ கியரில் எது என்ற கேள்விக்கு வருகிறேன். நேற்று வால்பாறை போய் வந்தோம். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. கியர் பெட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்தான், கிளட்சை மிதிக்கும் வேலையை மோட்டார் செய்கிறது. விலை குறைவு, மைலேஜ் நன்றாக இருக்கும், ஊர் மெக்கானிக்குக்கும் பாதி புரியும். கியர் மாறும்போது ஒரு தலையாட்டல் இருக்கும். இரட்டை கிளட்ச் வகை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு மாறும். ஆனால் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் என்றால், ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக ஊரும்போது சூடேறும். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் அதை வாங்க வேண்டாம். சி.வி.டி.யில் கியர் மாறுவதே தெரியாது, நகர நெரிசலுக்கு இதமானது. ஓங்கி மிதித்தால் சத்தம் மட்டும் முதலில் வரும். டார்க் கன்வர்ட்டர் பழைய முறை. நடுவில் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது, உராய்ந்து தேய்வது குறைவு. மைலேஜ் ஒரு துளி குறையும். பத்து வருடம் வைத்திருக்கப் போகிறேன் என்பவருக்கு என் மனம் இதைத்தான் சொல்லும். பிரெஸ்ஸாவிலும் 3எக்ஸ்ஓவிலும் கைலாக்கிலும் ஃபிராங்ஸ் டர்போவிலும் இந்த வகைதான்.

உங்களுக்கு ஆட்டோ வேண்டுமா என்பதே கேள்வி. பட்ஜெட் 12 லட்சம், ஓட்டம் 20 கி.மீ. மேனுவல் கியருக்கு எழுபது எண்பதாயிரம் கி.மீ.யில் ஒரு கிளட்ச் செலவு வரலாம். அதற்கு மேல் பயம் இல்லை.

மலை இறங்கும்போது ஒரு விஷயம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோவாக இருந்தாலும் கையால் இரண்டாவதில் பூட்டிக்கொள்ளலாம். ஆழியாறு சோதனைச்சாவடியில் நிற்கும் வண்டிகளில் பிரேக் கருகிய வாசனை வராத வண்டிகளை எண்ணிவிடலாம். ஒன்பதாவது வளைவில் வரையாடு நின்றது, மூன்று. அத்தை கண்ணாடியை இறக்கி அவற்றோடு பேசிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 3

ஆயுத பூஜைக்கு எங்கள் தெருவில் ஆறு புது வண்டி. பூசணிக்காய் வழுக்கி இரண்டு பேர் விழுந்தார்கள், சாலையில் உடைத்தால் அள்ளிப் போடுங்கள்.

சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்று பார்த்தீர்களா? திருப்பூரில் எல்லாக் கம்பெனிக்கும் இருக்கும். இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு அங்கே போய் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். வண்டியை விட வருகிறவர்கள் முகத்தைப் பாருங்கள். அதே மாடல் வைத்திருப்பவர் இரண்டு பேரிடம் பேசுங்கள். நான் யூடியூபில் பார்த்த நாற்பது வீடியோவைவிட, ஒரு சர்வீஸ் சென்டர் பெஞ்சில் கிடைத்த அரை மணி நேரம் அதிகம் சொல்லிக் கொடுத்தது.

கம்பெனியே போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். நியாயமான பயம். மறைமலை நகரில் ஈகோஸ்போர்ட் செய்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இந்த நாலு மீட்டர் எஸ்.யூ.வி. ஆசையை நம் ஊரில் பரப்பியதில் அந்த வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. என் அக்கா வீட்டில் 2017 ஈகோஸ்போர்ட் இன்னும் ஓடுகிறது, குறையில்லாமல். பத்து வருடக் கணக்கு போடுகிறவர், எந்த வண்டியானாலும், தெருவில் நிறைய ஓடுகிறதா என்று பார்ப்பது நல்லது. நிறைய ஓடினால் வெளி மெக்கானிக்குக்கும் பழக்கம், உதிரி பாகமும் கடையில் கிடைக்கும்.

அக்டோபர் 12

சன்ரூஃப்: பையன் தலையை வெளியே நீட்டத்தான் கேட்கிறான் என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் பின் வைப்பரும் நல்ல டயரும் வரும் வேரியன்ட் எடுங்கள்.

அக்டோபர் 24

‘மனைவிக்கு ஓட்டத் தெரியும், ஆனால் பழக்கமில்லை, அதனால் டெஸ்ட் டிரைவ் நான் மட்டும் எடுத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததிலிருந்து மனம் கேட்கவில்லை.

தம்பி, அவரை ஓட்டச் சொல்லுங்கள். பகலில் நீங்கள் கம்பெனியில் இருக்கும்போது அம்மாவுக்கு மூச்சுத் திணறினால், பையன் பள்ளியில் விழுந்துவிட்டான் என்று ஃபோன் வந்தால், யார் ஓட்டுவது? எனக்கும் லைசென்ஸ் இருந்தது, ஒன்பது வருடம் அலமாரியில் கிடந்தது. எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் காலில் கட்டு போட்டிருந்தபோதுதான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். அதுவரை பழகாததற்குக் காரணம் பயம் என்று நினைத்திருந்தேன். பழைய காரில் இருக்கையை உயர்த்த வழியில்லை, பானெட்டின் முனை எனக்குத் தெரியவே தெரியாது. எங்கே முடிகிறது என்று தெரியாத வண்டியை யார்தான் தைரியமாக ஓட்டுவார்கள்?

அவர் உயரத்துக்கு ஓட்டுநர் இருக்கை ஏறுகிறதா, கிளட்ச் முழுதாக எட்டுகிறதா, முன் கண்ணாடியின் ஓரத் தூண் வளைவில் வரும் ஸ்கூட்டரை மறைக்கிறதா, இதையெல்லாம் அவர்தான் சொல்ல முடியும். கிளட்ச் அவருக்குக் கனமாக இருந்தால் பட்ஜெட்டை மறுபடியும் போடுங்கள். ஆட்டோ தேவையா என்று செப்டம்பரில் கேட்டேன் அல்லவா, அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இல்லை, அவரிடம் இருக்கிறது.

நவம்பர் 6

நேற்று முன்தினம் புது வென்யூ வந்திருக்கிறது. புதிதாக வந்த மாடலை முதல் ஆறு மாதம் வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறவள் நான். முதல் தொகுதியில்தான் சின்னச் சின்னக் கோளாறுகள் வெளியே வரும், அப்புறம் சரிசெய்வார்கள்.

நவம்பர் 6, மாலை

யோசித்துப் பார்த்தால், காலையில் சொன்னதை இந்த வண்டிக்கு அப்படியே பொருத்த முடியாது. கூடுதான் புதுசு. 1.2 பெட்ரோலும் அதன் மேனுவல் கியரும் முன்பிருந்த வண்டியிலேயே வருடக்கணக்கில் ஓடியவை. இழுவைக்குக் காரணமான பாகங்கள் பழையவை என்றால் என் பயம் பாதியாகிறது. மீதிப் பாதி ஸ்கிரீன், சென்ஸார், கதவு ரப்பர். அவை வாரன்டியில் தீரும், வழியில் நிறுத்தாது.

டிசம்பர் 2

சென்னையில் மழை என்றாலே தம்பிக்கு ஃபோன் போட்டுவிடுவேன். அவன் வேளச்சேரியில் இருக்கிறான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அவனது அபார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் வண்டி மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தான். அதுதான் கெடுத்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது இன்ஜினைச் சுற்றினால் உள்ளே கம்பி வளைந்துவிடும். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் இன்சூரன்ஸ் எடுக்காததால் இன்ஜினுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. அடுத்த வருடம் அக்டோபரில் மழை அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாகப் போய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தினான்.

தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் 200 மி.மீ. உயரம் வேகத்தடைக்கும் குண்டு குழிக்கும்தான். வெள்ளத்துக்கு எஸ்.யூ.வி. என்ற பெயர் உதவாது. நொய்யல் பக்கத்தில் வீடு என்றால் அந்தக் கூடுதல் இன்சூரன்ஸை எடுத்துவிடுங்கள். மூழ்கினால் சாவியைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

டிசம்பர் 17

மார்கழியில் எடுக்க வேண்டாம் என்று அம்மா சொல்கிறார், வருடக் கடைசி தள்ளுபடி போய்விடும் என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். அம்மா சொல்வதைக் கேட்பதில் லாபமும் இருக்கிறது. ஆர்.சி.யில் தயாரான மாதமும் வருடமும் இருக்கும். டிசம்பர் கடைசியில் எடுத்த வண்டி பத்து நாளில் ஒரு வயதுப் பழசாகிவிடும். பத்து வருடம் வைத்திருப்பவருக்கு அது பெரிய விஷயமில்லை என்பதும் உண்மை. அதனால் தள்ளுபடி நாற்பதாயிரத்துக்குமேல் வந்தால் மட்டும் யோசியுங்கள்.

எப்போது எடுத்தாலும் பதிவு செய்வதற்கு முன்பே வண்டியை யார்டில் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3825 என்றால் 2025-ஆம் வருடம் 38-வது வாரம். ஐந்து டயரும் ஏறக்குறைய ஒரே காலமாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியா என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும். பதிவு எண் விழுந்த பிறகு கண்டுபிடித்தால் மாற்றித் தரமாட்டார்கள்.

2026 ஜனவரி 18

படம் பார்த்தேன். வென்யூ 1.2 பெட்ரோல், மேனுவல், வெள்ளை. மனைவி மூன்று முறை ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மா கைப்பிடிக்காமல் இறங்குகிறார் என்றதும் எங்கள் அத்தை, ‘எந்தக் கால்ல வலியாம்?’ என்று விசாரித்தார். வலது என்றால் இடப்பக்கக் கதவில் ஏறச் சொல்லச் சொல்கிறார். உடம்பைத் திருப்பும்போது நல்ல கால் தரையில் ஊன்றி நிற்குமாம். நான் இத்தனை அளந்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

அப்பா ‘டீசல் மாதிரி இழுக்கலை’ என்கிறாராமே. 83 குதிரைத் திறன், டர்போ இல்லை, ஐந்து பேர். இழுக்காதுதான். மேட்டில் ஒரு கியர் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

மைலேஜ் 13-தான் வருகிறது என்று இப்போதே பயப்பட வேண்டாம். ஐந்து ஐந்து கி.மீ. ஓட்டத்தில் இன்ஜின் சூடாவதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. பங்க்கில் கிடைப்பதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழனி போய்வந்து கணக்குப் போடுங்கள், வேறு எண் வரும்.

ஸ்டெப்னியில் காற்று பார்த்தீர்களா? டெலிவரி அன்று நாலு சக்கரத்தையும் பார்க்கிறார்கள், டிக்கியில் விரிப்புக்குக் கீழே இருப்பதை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. தைப்பூசத்துக்குப் பழனி கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். பாத யாத்திரை போகிறவர்கள் சாலை ஓரம் முழுக்க நடப்பார்கள், தாராபுரம் தாண்டியதும் மெதுவாகவே போங்கள்.